ட்ரிப் கொடுத்தும் பிரேக்கர் திறக்கவில்லை என்பது ரிலேவுக்கு எப்படித் தெரிகிறது?

கேள்வி இது: லைனில் ஃபால்ட் (ஷார்ட் சர்க்யூட் போன்ற கோளாறு) வந்துவிட்டது, அதைக் கண்டுபிடிக்கும் கருவியான ரிலேயும் ட்ரிப் (திறக்கச் சொல்லும் ஆணை) கொடுத்துவிட்டது, ஆனால் மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டிய பிரேக்கர் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பதைப் பாதுகாப்பு அமைப்பு எதை வைத்துத் தெரிந்துகொள்கிறது? பிரேக்கரின் நிலையைச் சொல்ல அதிலேயே ஆக்ஸிலரி கான்டாக்ட் இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா? அப்புறம், எங்கே பார்த்தாலும் 200 மில்லி செகண்ட் என்று வைத்திருக்கிறார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

மின்னோட்டத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. ட்ரிப் ஆணை பிரேக்கருக்குப் போகும் அதே நேரத்தில் ஒரு டைமரும் ஓடத் தொடங்கும். டைமர் முடியும்போதும் அந்தப் பிரேக்கர் வழியாக மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தால், பிரேக்கர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி, அதே பஸ்ஸில் (பல லைன்கள் வந்து சேரும் பொதுக் கடத்தியில்) இருக்கும் மற்ற எல்லாப் பிரேக்கர்களையும் திறந்துவிடும். நம் ஊர் துணைமின் நிலையங்களில் இதை எல்.பி.பி. என்போம், அதாவது லோக்கல் பிரேக்கர் பேக்கப். வரைபடத்தில் 50பி.எஃப். என்று போட்டிருக்கும். ஐ.இ.சி. 61850 படி அமைத்த நிலையமாக இருந்தால் ஆர்.பி.ஆர்.எஃப். என்று வரும். எல்லாம் ஒன்றுதான்.

லாஜிக் என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் இதை நம்பகமாகச் செய்வது லேசான காரியம் இல்லை. பெரிய மின்னோட்டம் வந்துவிட்டது என்று கண்டுபிடிப்பது ரிலேவுக்குச் சுலபம். மின்னோட்டம் நின்றுவிட்டது என்று சில மில்லி செகண்டுக்குள் அடித்துச் சொல்வதுதான் கஷ்டம். எல்.பி.பி. பற்றிய முக்கால்வாசிச் சிக்கல் அந்த ஒரு இடத்திலிருந்து வருகிறது.

முதலில் ஆக்ஸிலரி கான்டாக்ட் விஷயத்தைப் பார்ப்போம். பிரேக்கர் பல விதமாகத் தோற்கும். ட்ரிப் காயில் எரிந்துபோயிருக்கலாம். யார்டு அறையில் (பே கியாஸ்க்), ட்ரிப் சர்க்யூட்டுக்கு டி.சி. தரும் சிறு ஸ்விட்ச் (எம்.சி.பி.) விழுந்துகிடக்கலாம். பல மாதமாக அசையாமலே இருந்த மெக்கானிசத்தில் கிரீஸ் இறுகி, லாட்ச் விடாமல் பிடித்துக்கொள்ளலாம். பிரேக்கருக்குள் இருக்கும் எஸ்.எஃப்.6 வாயுவின் அழுத்தம் ரொம்பக் குறைந்து, லாக்அவுட் தொடர்பு ட்ரிப் சர்க்யூட்டையே துண்டித்திருக்கலாம். இவற்றிலெல்லாம் பிரேக்கர் அசையவே இல்லை, ஆக்ஸிலரி கான்டாக்ட்டும் 'மூடியிருக்கிறது' என்று சரியாகவே சொல்லும். இதுவரை பிரச்சினை இல்லை.

அடுத்த வகை வேறு. ஆக்ஸிலரி கான்டாக்ட் மெக்கானிசத்தின் தண்டோடு சேர்ந்து அசைவது. மெக்கானிசம் அசைந்து, துருவத்தை (ஒரு ஃபேஸுக்கான தொடர்புப் பகுதியை) இழுக்கும் இன்சுலேட்டிங் ராடு உடைந்திருந்தால், தண்டு திரும்பிவிடும், ஆக்ஸிலரி கான்டாக்ட் 'திறந்துவிட்டது' என்று சொல்லும், உள்ளே அந்தத் துருவம் மூடியே இருக்கும். இன்னொரு சூழ்நிலை: மூன்று துருவங்களும் ஒழுங்காகப் பிரிந்துவிட்டன, ஆனால் ஒரு துருவத்தில் ஆர்க் (தொடர்புகளுக்கு நடுவே எரியும் மின்பொறி) அணையவில்லை. மெக்கானிசத்தைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஃபால்ட் மின்னோட்டமோ ஆர்க் வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆபத்து மிக அதிகமான இந்த நிலையில் ஆக்ஸிலரி கான்டாக்ட் தவறான செய்தியைத் தரும். அதனால்தான் மின்னோட்டத்தை முதல் சாட்சியாக வைத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் ஆக்ஸிலரி கான்டாக்ட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எல்லா ட்ரிப்பும் பெரிய மின்னோட்டத்தோடு வருவதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் உண்டாகும் வாயுவை உணரும் புக்கோல்ஸ் ரிலே இயங்கும்போது உள்ளே பழுது சிறியதாகவே இருக்கலாம், மின்னோட்டத்தை அளந்து ரிலேவுக்குத் தரும் சி.டி.க்கு (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) சுமை மின்னோட்டத்தைத் தவிர எதுவும் தெரியாது. சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் அதுவும் இல்லை. ஜெனரேட்டர் ரிவர்ஸ் பவரில் (மின்சாரம் தருவதற்குப் பதில் வாங்கும் நிலையில்) ட்ரிப் ஆகும்போது ஓடுவது முழுச்சுமை மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்குதான். நீண்ட 400 கே.வி. லைன் ஓவர்வோல்டேஜில் ட்ரிப் ஆகும்போதும் மின்னோட்டம் குறைவாக இருக்கலாம். இந்த மாதிரி ட்ரிப்புகளுக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்டார்ட் இன்புட் (எல்.பி.பி. டைமரைத் தொடங்கவைக்கும் சிக்னல்) வைத்து, 'மின்னோட்டம் இருக்கிறது அல்லது ஆக்ஸிலரி கான்டாக்ட் மூடியிருக்கிறது' என்று லாஜிக்கை அமைக்க வேண்டும். லைன் ஃபால்ட்டுக்கு மின்னோட்டம் மட்டும் போதும். இரண்டையும் ஒரே இன்புட்டில் குழப்பிவிட்ட வடிவமைப்புகள் உண்டு. வரைபடம் உங்கள் கைக்கு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இப்போது 200 மில்லி செகண்டுக்கு வருவோம். 230 கே.வி. லைன் ஒன்றில் ஃபால்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபால்ட் தொடங்கியது பூஜ்ஜியம். ஃபால்ட் எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிடும் டிஸ்டன்ஸ் ரிலேயின் ஸோன் 1 (தாமதமின்றி ட்ரிப் கொடுக்கும் எல்லை) ஏறத்தாழ 25 மில்லி செகண்டில் ட்ரிப் கொடுக்கிறது. அந்த நொடியில் மூன்று காரியம் சேர்ந்து நடக்கும்: ட்ரிப் காயில் 1, ட்ரிப் காயில் 2, எல்.பி.பி. ஸ்டார்ட். பிரேக்கர் 60 மில்லி செகண்ட் வகை, ஆர்க் அணையும் நேரமும் அதற்குள் அடக்கம். ஆக, 85-வது மில்லி செகண்டில் மின்னோட்டம் நின்றுவிட வேண்டும். எல்.பி.பி.யில் இருக்கும் மின்னோட்ட டிடெக்டர் 'நின்றுவிட்டது' என்று உணர்ந்து கீழே விழ இன்னும் 20 மில்லி செகண்ட் ஆகும். அது 105. எல்.பி.பி. டைமர் முடிவது 225-ல். நடுவில் 120 மில்லி செகண்ட் இடைவெளி.

இவ்வளவு இடைவெளி எதற்கு? காரணம், எல்.பி.பி. தவறாக இயங்கினால் போவது ஒரு லைன் இல்லை, ஒரு முழு பஸ். பிரேக்கர் வயதாகி 60-க்குப் பதில் 75 எடுக்கலாம். மின்னோட்டம் பூஜ்ஜியத்தைக் கடக்கும் ஒரு கணத்தில் அணையாத ஆர்க் அடுத்த கடப்பில் அணையலாம். டிடெக்டர் விழுவதற்குத் தாமதமாகலாம். இவை எல்லாம் ஒன்றுசேர்ந்தாலும் நல்ல பிரேக்கரைக் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது. வேகமான பிரேக்கரும் நவீன ரிலேயும் இருக்கும் இடத்தில் 150 போதும் என்பது என் கருத்து. ஸ்டெபிலிட்டி (ஜெனரேட்டர்கள் ஒத்திசைவு இழக்காமல் ஓடுவது) இறுக்கமாக இருக்கும் பெரிய உற்பத்தி நிலையங்களை ஒட்டிய பஸ்ஸில் அதற்கு நியாயம் உண்டு. மற்ற இடங்களில் 200-ஐ அசைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

மேல் எல்லை வேறு இடத்திலிருந்து வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 கிரிட் தரநிலை ஒழுங்குமுறைகள், 765, 400 கே.வி.யில் ஃபால்ட்டை 100 மில்லி செகண்டுக்குள்ளும், 220, 132 கே.வி.யில் 160-க்குள்ளும் நீக்க வேண்டும் என்கின்றன. அதற்குள் பிரேக்கர் நீக்கவில்லை என்றால், பிரேக்கர் ஃபெயில் பாதுகாப்பு அந்த பஸ் பகுதியில் உள்ள மற்ற பிரேக்கர்களைத் திறந்து அடுத்த 200 மில்லி செகண்டில் நீக்கிவிட வேண்டும். 400 கே.வி.யில் போட்டுப் பாருங்கள்: ரிலே 30, டைமர் 200, ட்ரிப் ரிலே 10, மற்ற பிரேக்கர்கள் 40, மொத்தம் 280. வரம்பு 300. 200-க்கு மேலே போக அதிகம் இடமில்லை.

அடுத்தது பக்கத்து நிலையங்களின் ஸோன் 2. நம் பஸ்ஸோடு இணைந்த நல்ல லைன்களின் மறுமுனையில் இருக்கும் டிஸ்டன்ஸ் ரிலேக்களும் இந்த ஃபால்ட்டைத் தங்கள் ஸோன் 2-ல் (லைனைத் தாண்டிப் பார்த்து, தாமதித்து ட்ரிப் கொடுக்கும் எல்லையில்) பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. நம் எல்.பி.பி. முடிப்பதற்குள் அவை முந்திக்கொண்டால் எல்.பி.பி. வைத்ததற்கே பொருளில்லை. 2012 ஜூலை மாபெரும் மின்தடைக்குப் பிறகு அமைக்கப்பட்ட பணிக்குழு ஸோன் 2-க்கு 350 மில்லி செகண்ட் பரிந்துரைத்தது. அந்த 350 எப்படி வந்தது தெரியுமா? எல்.பி.பி. 200, பிரேக்கர் திறக்க 60, ரிலே விழ 30, பாதுகாப்பு இடைவெளி 60. எல்.பி.பி. நேரத்தை அடித்தளமாக வைத்துத்தான் ஸோன் 2-வையே கட்டியிருக்கிறார்கள். யாராவது ஒரு நிலையத்தில் 'கொஞ்சம் பத்திரமாக இருக்கட்டும்' என்று எல்.பி.பி.யை 300-க்கு ஏற்றினால், சுற்றியுள்ள எல்லா நிலையத்தின் ஸோன் 2 கணக்கும் உடைந்துவிடும். இதைச் சொல்லாமல் செட்டிங் மாற்றுபவர்கள் இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

எல்.பி.பி. இல்லாமல், ஸோன் 2 பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமே என்று தோன்றலாம். இரண்டு காரணத்தால் கூடாது. ஒன்று, மறுமுனைகள் திறந்தால் இரண்டு பஸ்ஸும் சேர்ந்து மொத்த நிலையமும் இருளில் மூழ்கும். எல்.பி.பி.யாக இருந்தால் தோற்ற பிரேக்கர் இருக்கும் பஸ் மட்டும் போகும். இரண்டு, ஸோன் 2 அந்த ஃபால்ட்டைப் பார்க்கும் என்றே உத்தரவாதம் இல்லை. நம் பஸ்ஸுக்கு ஐந்து லைன்கள் மின்னோட்டம் ஊட்டினால், அவற்றில் ஒன்றின் மறுமுனை ரிலேவுக்கு ஃபால்ட் உண்மையான தூரத்தைவிட ரொம்பத் தள்ளி இருப்பதாகத் தெரியும். லைனின் கடைசியில் ஃபால்ட் என்றால் இன்னும் தூரம் பார்க்கும் ஸோன் 3-க்கே எட்டாமல் போகலாம்.

சரி, மின்னோட்டம் நின்றதை அறிவதில் என்ன கஷ்டம் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கிட்டத்தில் பார்ப்போம்.

பிரேக்கர் ஆர்க்கை அணைப்பது முதன்மை மின்னோட்டம் பூஜ்ஜியத்தைக் கடக்கும்போது. அந்தக் கணத்தில் முதன்மையில் ஒன்றுமில்லை. ஆனால் சி.டி.யின் இரும்புக் கருவில் காந்தப்பாயம் மிச்சம் இருக்கும். அது சும்மா மறையாது. இரண்டாம் சுற்று, கேபிள், ரிலே என்ற மூடிய வளையத்தில் ஒரு மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டு மெல்ல மெல்லத் தணியும். டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டில் (ஃபால்ட்டின்போது பதிவான அலை வடிவத்தில்) இதைத் தெளிவாகவே பார்க்கலாம்: மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அலை திடீரென்று நின்று, கோட்டுக்கு ஒரே பக்கத்தில் மட்டும் ஒரு சரிவு வழுக்கி இறங்கும். கருவில் காற்று இடைவெளி உள்ள டி.பி.ஒய். வகை சி.டி.யில் இந்தச் சரிவு பெரிதாகவும் நீளமாகவும் இருக்கும். இதைத்தான் சப்சிடன்ஸ் கரண்ட் என்கிறார்கள். முதன்முறை பார்ப்பவர்கள் 'பிரேக்கர் திறந்த பிறகும் மின்னோட்டம் போகிறதே' என்று பதறிவிடுவார்கள். அது லைனில் ஓடும் மின்னோட்டமே இல்லை.

ஆனால் டிடெக்டருக்கு அந்த வேறுபாடு தெரியுமா? பழைய எலெக்ட்ரோமெக்கானிக்கல் ரிலேயில் ஆர்மேச்சரை இழுத்துப் பிடித்திருக்க அந்தச் சரிவே போதும். அதனால் ஏ.எஸ்.இ.ஏ. (ASEA) நிறுவனத்தின் ஆர்.ஏ.ஐ.சி.ஏ. மாதிரி எல்.பி.பி.க்கென்றே தனியாகச் செய்த ரிலேக்கள் வந்தன. சாதாரண ஓவர்கரண்ட் ரிலே ஒன்றை எடுத்து அந்த இடத்தில் மாட்ட முடியாது. எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக விடுகிறது என்பதுதான் அங்கே தகுதி.

நியூமெரிக்கல் (கணினி வகை) ரிலேயில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஃபூரியே வடிகட்டி ஒரு முழுச் சுழற்சி, அதாவது 20 மில்லி செகண்ட் நீளச் சாளரத்தில் இருக்கும் மாதிரிகளைக் கொண்டு அளவைக் கணக்கிடுகிறது. 1000/1 சி.டி., 20 கிலோ ஆம்பியர் ஃபால்ட் என்று வைத்தால் ரிலேயில் 20 ஆம்பியர். எல்.பி.பி. செட்டிங் 0.2 ஆம்பியர். நூறு மடங்கு வித்தியாசம். மின்னோட்டம் நின்ற பிறகும் சாளரத்தில் பழைய மாதிரிகள் கொஞ்சம் மிச்சம் இருந்தாலே கணக்கு 0.2-க்கு மேலேதான் காட்டும். ஆக, சாளரம் முழுக்கக் காலியாகும் வரை, ஏறத்தாழ 20 மில்லி செகண்ட், டிடெக்டர் விழாது. அதோடு சப்சிடன்ஸும் சேர்ந்தால் இன்னும் இழுக்கும்.

இதற்கு ரிலே செய்பவர்கள் கண்ட வழி அழகானது. வடிகட்டிய அளவை மட்டும் நம்பாமல் மூல அலையின் உருவத்தையே பார்க்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் உண்மையிலேயே ஓடினால் ஒவ்வொரு 10 மில்லி செகண்டுக்கும் ஒரு முறை பூஜ்ஜியத்தைக் கடந்தே ஆக வேண்டும். நேர் அரைச் சுழற்சிக்கு அடுத்து எதிர் அரைச் சுழற்சி வந்தே ஆக வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் கடப்பும் வரவில்லை, எதிர்ப்பக்க உச்சமும் வரவில்லை என்றால், அளவு எவ்வளவு காட்டினாலும் சரி, மின்னோட்டம் நின்றுவிட்டது என்று டிடெக்டரைக் கீழே தள்ளிவிடுவார்கள். சப்சிடன்ஸ் ஒரே பக்கத்தில் நிற்பதால் இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும். நல்ல ரிலேக்களில் ஒரு சுழற்சிக்குள்ளேயே முடிவு கிடைத்துவிடுகிறது. ஃபால்ட்டில் டி.சி. ஆஃப்செட் (அலை முழுதும் ஒரு பக்கமாகத் தள்ளப்படுவது) மிக அதிகமாக இருந்தால் உண்மையான மின்னோட்டமும் சில சுழற்சிகளுக்கு ஒரே பக்கமாக நிற்கக்கூடும். அதனால் அலை ஏறி இறங்குகிறதா, வெறுமனே சரிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அடுத்து அந்த 0.2 ஆம்பியர். லைன்களுக்கு 1 ஆம்பியர் சி.டி.யில் 200 மில்லி ஆம்பியர், அதாவது 20 சதவீதம், என்பது இங்கே வழக்கம். ஜெனரேட்டர் பக்கம் இன்னும் கீழே வைப்பார்கள். 20 சதவீதம் என்பது சாதாரணச் சுமை மின்னோட்டத்தைவிடக் குறைவு. அதாவது, லைன் சுமையோடு ஓடிக்கொண்டிருக்கும்போது எல்.பி.பி. டிடெக்டர் ஏற்கெனவே 'மின்னோட்டம் உண்டு' நிலையில்தான் நிற்கிறது. ரெசிஸ்டன்ஸ் அதிகமுள்ள எர்த் ஃபால்ட்டில்கூடப் பிரேக்கர் தோற்றதைப் பிடிக்க வேண்டும் என்பதால் வேறு வழியில்லை. ஆனால் விளைவு என்ன? அந்தப் பேனலில் இரண்டு பூட்டில் ஒன்று எப்போதும் திறந்தே இருக்கிறது. ஸ்டார்ட் இன்புட் தவறாக ஒருமுறை வந்து 200 மில்லி செகண்ட் நின்றால் போதும், ஃபால்ட்டே இல்லாமல் ஒரு பஸ் போய்விடும்.

தவறான ஸ்டார்ட் எப்படி வரும் என்றால், எத்தனையோ வழி. டெஸ்டிங் ஆள் ரிலேயை இன்ஜெக்ட் செய்யும்போது (சோதனை மின்னோட்டம் கொடுக்கும்போது) எல்.பி.பி. ஸ்டார்ட் லிங்க்கைத் திறக்க மறந்துவிடுவார். மழைக்காலத்தில் யார்டு கேபிளில் டி.சி. எர்த் (டி.சி. ஒயர் தரையோடு சேர்வது) வரும்போது, நீண்ட கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் பைனரி இன்புட் வழியாக டிஸ்சார்ஜ் ஆகும். எங்கோ ஓரிடத்தில் ஏ.சி. ஒயர் டி.சி. ஒயரோடு சேர்ந்துகொள்ளும். இதனால்தான் எல்.பி.பி. ஸ்டார்ட் இன்புட்டுக்கு இயங்கு மின்னழுத்தத்தை உயர்த்தி வைக்கச் சொல்கிறோம், ஒன்றுக்குப் பதில் இரண்டு தனித்தனித் தொடர்பிலிருந்து ஸ்டார்ட் எடுக்கச் சொல்கிறோம்.

அதைவிட நல்ல காவல் ரீட்ரிப். ஸ்டார்ட் வந்தவுடனே, அல்லது சிறிது தாமதித்து, எல்.பி.பி. முதலில் தன் சொந்தப் பிரேக்கருக்கே இன்னொரு முறை ட்ரிப் கொடுக்கும், முடிந்தால் இரண்டாவது ட்ரிப் காயில் வழியாக. உண்மையான ஃபால்ட்டில், முதல் காயிலின் ஒயர் மட்டும் அறுந்திருந்தால், இதிலேயே பிரேக்கர் திறந்து விஷயம் முடிந்துவிடும். தவறான ஸ்டார்ட்டாக இருந்தால், அந்த ஒரு லைன் மட்டும் திறக்கும், மின்னோட்டம் நிற்கும், டைமர் விழும், பஸ் தப்பிக்கும். ஒரு லைன் அநாவசியமாகப் போனது வருத்தம்தான், ஆனால் ஒரு பஸ் போவதோடு ஒப்பிட முடியாது. சில இடங்களில் ரீட்ரிப்பை 'தேவையில்லை' என்று செட்டிங்கில் அணைத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

சிங்கிள் ஃபேஸ் ட்ரிப் உள்ள லைன்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆர் ஃபேஸில் எர்த் ஃபால்ட். ஆர் துருவம் மட்டும் திறந்து, ஏறத்தாழ ஒரு செகண்ட் கழித்து ஆட்டோ ரீக்ளோஸில் மூடும். அந்த ஒரு செகண்டும் ஒய், பி ஃபேஸ்களில் சுமை மின்னோட்டம் நியாயமாகவே ஓடும். எல்.பி.பி. ஸ்டார்ட்டை மூன்று ஃபேஸுக்கும் பொதுவாக ஒரே ஒயரில் கொடுத்திருந்தால், 200 மில்லி செகண்ட் கழித்து ஒய், பி மின்னோட்டத்தைப் பார்த்து 'பிரேக்கர் திறக்கவில்லை' என்று பஸ்ஸைத் தட்டிவிடும். பிரேக்கர் மேல் ஒரு குறையும் இருக்காது. அதனால் ஆர் ஸ்டார்ட்டுக்கு ஆர் மின்னோட்டம், ஒய்க்கு ஒய், பிக்கு பி என்று தனித்தனியாகவும், மூன்று ஃபேஸ் ட்ரிப்புக்கு வேறு ஸ்டார்ட்டாகவும் இருக்க வேண்டும். கமிஷனிங்கில் ஒவ்வொரு ஃபேஸாகக் கொடுத்துப் பார்த்தால்தான் ஒயர் மாறியிருப்பது தெரியும். மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

ஒன்றரைப் பிரேக்கர் அமைப்பில் (இரண்டு பஸ்ஸுக்கு நடுவே இரண்டு லைனுக்கு மூன்று பிரேக்கர், ஓரத்தில் இருப்பவை மெயின், நடுவில் டை) டைமர் எப்போது தொடங்குகிறது என்பது முக்கியமாகிவிடும். அங்கே ஒரு லைனுக்கு இரண்டு பிரேக்கர் வழியாக மின்னோட்டம் போகிறது, சம பங்காக அல்ல. மெயின் பிரேக்கர் வழியே பெரும்பகுதியும் டை பிரேக்கர் வழியே சொற்பமும் போகலாம். டை பிரேக்கர் தோற்றால், மெயின் திறந்த பிறகுதான் மொத்த மின்னோட்டமும் அதன் வழியாகப் பாயும். 'மின்னோட்டம் செட்டிங்கைத் தாண்டினால்தான் டைமர் ஓடும்' என்று அமைத்திருந்தால் அந்த 60 மில்லி செகண்ட் வீண். ட்ரிப் ஆணையிலேயே டைமரைத் தொடங்கிவிட்டு, முடியும்போது மின்னோட்டத்தைக் கேட்பதே சரி. டை பிரேக்கர் தோற்றால் இரண்டு பக்க மெயின்களையும் திறப்பதோடு நிற்க முடியாது. டை பிரேக்கரின் மறுபக்கத்தில் இருக்கும் நல்ல லைன், தன் மறுமுனையிலிருந்து ஃபால்ட்டுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். அந்த மறுமுனைக்கு டைரக்ட் ட்ரிப் (நேரடியாகத் திறக்கச் சொல்லும் ஆணை) அனுப்ப வேண்டும். டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் அதன் மறுபக்கப் பிரேக்கரைத் திறக்க வேண்டும்.

எல்.பி.பி.க்கு இன்னொரு உபயோகமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. பிரேக்கருக்கும் லைன் பக்க சி.டி.க்கும் நடுவே ஃபால்ட் வந்தால் என்ன ஆகும்? பஸ்பார் பாதுகாப்பு அதைத் தன் எல்லைக்குள் பார்த்து பஸ்ஸைத் திறக்கும், லைன் பிரேக்கரும் ஒழுங்காகத் திறக்கும். ஆனால் மறுமுனையிலிருந்து சி.டி. வழியாக மின்னோட்டம் வந்துகொண்டே இருக்கும். எல்.பி.பி.யின் பார்வையில் இது பிரேக்கர் தோற்றது போலவே இருக்கிறது. அந்த முடிவு தவறு, ஆனால் செய்ய வேண்டியது ஒன்றே: மறுமுனைக்கு டைரக்ட் ட்ரிப்.

இரண்டு மெயின் பஸ் உள்ள நிலையத்தில், தோற்ற பே (ஒரு லைனுக்கான பிரேக்கர் தொகுதி) எந்த பஸ்ஸில் இருக்கிறது என்று எல்.பி.பி.க்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்வது, பேயை பஸ்ஸோடு இணைக்கும் ஐசொலேட்டரின் ஆக்ஸிலரி கான்டாக்ட். ஆர்.இ.பி.500, 7எஸ்.எஸ்.52 மாதிரி நியூமெரிக்கல் பஸ்பார் ரிலேக்களில் எல்.பி.பி.யும் உள்ளேயே இருப்பதால் இந்தத் தேர்வை அதுவே செய்துகொள்ளும். ஆனால் வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஐசொலேட்டர் கான்டாக்ட் துருப்பிடித்தால், எவ்வளவு விலை உயர்ந்த ரிலேயும் தப்பான பஸ்ஸைத்தான் திறக்கும். 'ஐசொலேட்டர் நிலை முரண்பாடு' என்ற அலாரம் வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். இரண்டு பஸ்ஸையும் இணைக்கும் பஸ் கப்ளர் பிரேக்கர் தோற்றால் இரண்டு பஸ்ஸும் போகத்தான் வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

எல்.பி.பி. இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடா நல்ல சாட்சி. 2008 பிப்ரவரி 26 அன்று மயாமியின் ஃப்ளகாமி துணைமின் நிலையத்தில், பழுதான ஒரு 138 கே.வி. ஸ்விட்சை ஆராய்ந்துகொண்டிருந்த பொறியாளர், அதன் முதன்மைப் பாதுகாப்பையும் பிரேக்கர் ஃபெயிலியர் பாதுகாப்பையும் சேர்த்து அணைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து அங்கே ஷார்ட் சர்க்யூட். உள்ளூரில் கேட்பாரில்லாமல், தூரத்து ரிலேக்கள் நீக்கும் வரை ஃபால்ட் ஏறத்தாழ 1.7 செகண்ட் நின்றது. 22 லைன்கள், சுமார் 4,300 மெகாவாட் உற்பத்தி, சுமார் 3,650 மெகாவாட் சுமை போயின. டர்க்கி பாயின்ட் அணுமின் உலைகள் இரண்டும் நின்றன. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் 2.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. இரண்டையும் ஒன்றாக அணைத்ததால் உள்ளூரில் காக்க எதுவும் மிஞ்சவில்லை.

எல்.பி.பி. எதற்குத் துணை வராது என்பதற்கு நியூயார்க். 2019 ஜூலை 13 அன்று மன்ஹாட்டனில் 13 கே.வி. கேபிள் ஒன்றில் ஃபால்ட். வெஸ்ட் 65-வது தெரு துணைமின் நிலையத்தின் ரிலே அமைப்பு அதைத் துண்டிக்கத் தவறியது, ஏறத்தாழ 72,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அங்கே பழுது ரிலே பக்கம். யாரும் ட்ரிப் ஆணையே கொடுக்காவிட்டால் எல்.பி.பி. டைமர் தொடங்கவே தொடங்காது. பிரேக்கர் தோற்றால் மட்டுமே எல்.பி.பி. பார்த்துக்கொள்ளும். ரிலே ஊமையாகிப்போனால் அதைக் காக்க, மெயின் 1, மெயின் 2 என்று தனி சி.டி. கோர், தனி டி.சி. மூலத்தோடு இரண்டு ரிலே வேண்டும்.

கடைசியாக, நீங்கள் பராமரிப்புப் பக்கம் இருந்தால் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு ட்ரிப்புக்குப் பிறகும் டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டைத் திறந்து, ட்ரிப் ஆணை போன கோட்டிலிருந்து ஒவ்வொரு ஃபேஸின் அலையும் நிற்கும் இடம் வரை அளந்து எழுதி வையுங்கள். சப்சிடன்ஸ் சரிவைச் சேர்க்காதீர்கள், ஏறி இறங்கும் அலை நிற்கும் இடம்தான் கணக்கு. பக்கத்திலேயே எல்.பி.பி. டிடெக்டர் விழுந்த நேரத்தையும் குறியுங்கள். 60-க்குள் நின்றுகொண்டிருந்த ஒய் துருவம் அடுத்தடுத்த ட்ரிப்புகளில் 68, 77 என்று நகர்ந்தால், அந்த மெக்கானிசத்துக்கு ஷட்டவுன் கேட்டு, டைமிங் டெஸ்ட்டும் ட்ரிப் காயில் கரண்ட் பதிவும் எடுக்கச் சொல்லுங்கள். அலை நிற்கும் நேரம் மாறாமல், டிடெக்டர் விழுவது மட்டும் தள்ளிப்போனால், பிரேக்கரை விட்டுவிட்டு சி.டி.யின் பர்டனையும் (அதன் இரண்டாம் சுற்றில் இருக்கும் சுமையையும்) ரிலேயின் செட்டிங்கையும் பாருங்கள்.